ஹரப்பா காலத்தில் மழை எப்படி இருந்தது? தார் ஓரத்து ஏரிகளின் நான்கு பதில்கள்

ராஜஸ்தானில் தார் பாலைவனத்தை ஒட்டி சாம்பர், டீட்வானா, லூன்கரன்சர் என்று உப்பு ஏரிகள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அங்கே தண்ணீரைவிட வெள்ளைப் பொருக்குதான் அதிகம். சாம்பரில் இன்றும் உப்பு எடுக்கிறார்கள். இந்த ஏரிகளின் அடிமண்ணில் புதைந்திருந்த மகரந்தத் தூளை எண்ணிப் பார்த்த தாவரவியலாளர் குர்தீப் சிங், 1971இல் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைத்தார். கி.மு. 3000ஐ ஒட்டி இந்தப் பகுதியில் மழை கூடியது; கி.மு. 1800ஐ ஒட்டிக் குறைந்தது. சிந்துவெளி நகரங்கள் வளர்ந்ததற்கும் ஓய்ந்ததற்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் பின்னணி என்றார்.

28 ஆண்டுகள் கழித்து, அதே லூன்கரன்சரைத் தோண்டிய இன்னொரு குழு இதை மறுத்தது. யெஹூதா என்செலும் சக ஆய்வாளர்களும் 1999இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இதுதான்: ஏரி முழுக்க வறண்டு ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகே ஹரப்பா நாகரிகம் இந்த வட்டாரத்தில் தொடங்கியது. அது செழித்ததும் வறண்ட காலநிலையில்தான். ஆக, மழையால் எழுந்தது என்ற பேச்சே இல்லை.

அப்புறம் 2014இல் ஹரியாணாவின் கோட்லா தாஹர் ஏரியிலிருந்து ஒரு முடிவு வந்தது: ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் பருவமழை சட்டென்று பலவீனமானது. 2018இல் ராஜஸ்தானின் வடக்கு ஓரத்திலுள்ள கர்சாண்டி என்ற பழைய ஏரி, 5,000 ஆண்டுகளுக்கு முன் மழை நன்றாகவே இருந்தது என்றது.

மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்றோடொன்று மோதுகின்றன. செய்தித்தாள்களில் இந்த ஆய்வுகள் வரும்போதெல்லாம் 'வறட்சிதான் ஹரப்பாவை அழித்தது' என்றோ 'வறட்சி காரணமல்ல' என்றோ ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. எந்த ஏரியில் எதை அளந்தார்கள், எந்தக் காலத்துக்கு அளந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் சண்டையில் பாதி கரைந்துபோகும். மீதிப் பாதி நிஜமான சண்டை.

ஏரியின் அடியில் சேர்வது

வெளியேறும் வழி இல்லாத ஏரிகளைத்தான் காலநிலை ஆய்வாளர்கள் தேடிப் போவார்கள். ஆறு ஒன்று உள்ளே வந்து இன்னொரு பக்கம் வெளியே போகும் ஏரியில் நீர்மட்டம் பெரிதாக மாறாது. மிஞ்சிய நீர் வழிந்துவிடும். மூடிய பள்ளத்தில் அப்படி இல்லை. மழையும் ஓடைநீரும் வரவு, ஆவியாவது செலவு. வரவு குறைந்தால் ஏரி சுருங்கும், உப்பு கூடும், அடியில் படியும் மண்ணின் தன்மையே மாறும். ஆழமான நன்னீர் இருந்த காலத்தில் நுண்ணிய களிமண்ணும் சுண்ணாம்புச் சேறும் படியும். நீர் வற்றி உப்பேறினால் ஜிப்சம் என்ற உப்புக் கனிமம் படியும், இன்னும் வற்றினால் சாப்பாட்டு உப்பே படியும். முழுக்கக் காய்ந்தால் ஒன்றும் படியாது. அதோடு காற்று வந்து ஏற்கெனவே படிந்ததையும் அள்ளிக்கொண்டு போகும்.

ஏரி நேரடியாக மழையை அளப்பதில்லை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறது. மழை அப்படியே இருந்து வெயில் மட்டும் கூடினாலும் ஏரி சுருங்கும். ஏரி நிலத்தடி நீரோடு தொடர்புடையது என்றால், மழை குறைந்து பல ஆண்டுகள் கழித்தும் அது தாக்குப்பிடிக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது.

குர்தீப் சிங் பார்த்தது மகரந்தம். மகரந்தத் தூளின் வெளிக்கூடு அசாத்தியக் கெட்டி. மண்ணைக் கரைக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துக்கும் அது தாங்கும். மண்ணையெல்லாம் கரைத்தபின் மிஞ்சும் தூளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணுவார்கள். நாவல் இனமும் கோரையும் சம்பும் கூடினால் ஈரம். உவர் மண்ணிலும் மணல்மேட்டிலும் வளரும் செடிகள் கூடினால் வறட்சி. முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மகரந்தம் காற்றில் வெகுதூரம் பறக்கும். ஏரி ஓரத்துச் சம்பு, ஏரியில் நீர் இருந்தது என்பதைச் சொல்லுமே தவிர, சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு பெய்தது என்பதைச் சொல்லாது. மரம் குறைந்தால் மழை குறைந்ததா, ஆடு மேய்ந்ததா, விறகுக்கு வெட்டினார்களா என்று பிரித்தறிவதும் கடினம். 1990இல் வாஸனோடும் அகர்வாலோடும் சேர்ந்து டீட்வானா மகரந்தத்தை மறுபடி ஆராய்ந்தபோது சிங்கே எவ்வளவு மழை என்பதோடு நிற்கவில்லை, எந்தப் பருவத்து மழை என்ற கேள்வியையும் கையில் எடுத்தார்.

லூன்கரன்சர்: தேதிதான் எல்லாம்

பீகானேருக்கு வடகிழக்கே, ஆண்டு மழை 25 சென்டிமீட்டரைத் தொடாத இடம் லூன்கரன்சர். சுற்றிலும் மணல்மேடு. என்செல் குழு இங்கே மகரந்தத்தை விட்டுவிட்டு, படிவின் கனிமங்களையும் அடுக்குகளையும் பார்த்தது. அவர்கள் கண்ட வரிசை: தொடக்கத்தில் ஆழமற்ற, அடிக்கடி ஏறி இறங்கும் ஏரி. கார்பன் ஆண்டுக் கணக்கில் 6,300 ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டம் சட்டென்று உயர்ந்தது. 1,500 ஆண்டுகள் நல்ல ஏரியாக இருந்து, 4,800 கார்பன் ஆண்டுகளுக்கு முன் முழுக்க வறண்டது. அந்த முடிவை ஒட்டிச் சுற்றியிருந்த மணல்மேடுகளும் நிலைகுலைந்து நகரத் தொடங்கின.

'கார்பன் ஆண்டு' என்று சொல்லக் காரணம் உண்டு. இறந்த உயிரினத்தில் இருக்கும் கார்பன்-14 ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். மிஞ்சியதை அளந்து வயது கணிக்கலாம். சிக்கல் என்னவென்றால், காற்றில் கார்பன்-14இன் அளவு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால்தான் காலண்டர் ஆண்டு கிடைக்கும். 4,800 கார்பன் ஆண்டு என்பது திருத்தியபின் ஏறத்தாழ 5,500 காலண்டர் ஆண்டு. 6,300 என்பது ஏறத்தாழ 7,200 ஆகிறது. இடைவெளி 700, 900 ஆண்டுகள்! சிந்துவெளியின் நகரக் காலம் மொத்தமே கி.மு. 2600 முதல் 1900 வரை, அதாவது 700 ஆண்டுகள்தான். திருத்தாத தேதியை ஒரு பக்கமும் திருத்திய தேதியை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட்டால் ஒரு முழு நாகரிகமே இடையில் விழுந்துவிடும். 1970களின் எழுத்துகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஏரிநீரில் பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த கார்பன் இருந்தால், அதில் வளர்ந்த நத்தையின் ஓடு பிறக்கும்போதே 'வயதானதாக' இருக்கும். அதனால் ஏரிப்படிவில் நிலத்துத் தாவரத்தின் ஒரு துண்டு, ஒரு விதை, கொஞ்சம் கரி கிடைத்தால் ஆய்வாளர்கள் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். பாலைவன ஏரிகளில் அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

திருத்தியபின்னும் என்செல் குழுவின் முடிவு மாறவில்லை: லூன்கரன்சர் வறண்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்தே ஹரப்பா நகரங்கள். ஏரி வறண்டது உண்மை. ஆனால் இதிலிருந்து 'ஹரப்பா காலம் முழுக்க வறண்ட காலம்' என்று தாவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காய்ந்த ஏரி அதற்கப்புறம் எதையும் பதியாது. மழை கொஞ்சம் கூடினாலும், ஏரியைத் திரும்ப நிரப்பும் அளவுக்குக் கூடவில்லை என்றால் அது அடிமண்ணில் தெரியாது. இன்னும் குறைந்தாலும் தெரியாது. லூன்கரன்சர் நமக்குச் சொல்வது மழை ஒரு வரம்புக்குக் கீழே போனது என்பதை மட்டும்தான். வரம்புக்குக் கீழே என்ன நடந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

கோட்லா தாஹரின் நத்தைகள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பனாரஸ் இந்து பல்கலைக்கழகமும் வடமேற்கு இந்தியாவில் நிலம், நீர், குடியிருப்பு மூன்றையும் சேர்த்து ஆராயும் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. தொல்லியல் பக்கம் கேமரன் பெட்ரியும் ஆர்.என். சிங்கும். காலநிலைப் பக்கம் யமா தீக்ஷித்தும் டேவிட் ஹோடலும். ஹோடல் இதே வேலையை முன்பே மெக்சிகோவில் செய்தவர். யுகடான் தீபகற்பத்துச் சிச்சன்கனாப் ஏரிப்படிவை வைத்து மாயா நாகரிகத்தின் சரிவுக்காலத்தில் வறட்சி இருந்ததை 1995இல் காட்டியவர்.

ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு வறட்சி வந்தது என்பதற்கு அதுவரை காட்டப்பட்ட சான்றுகள் பெரும்பாலும் ஹரப்பா ஊர்கள் இல்லாத இடங்களிலிருந்து வந்தவை. கராச்சிக்கு அப்பால் அரபிக்கடல் படிவு, மேகாலயக் குகை என்று. ஊர்கள் இருந்த சமவெளியிலேயே ஒரு பதிவு வேண்டும். டெல்லிக்குத் தெற்கே, மேவாத் வட்டாரத்தில் அப்படி ஒரு மூடிய பள்ளம் கிடைத்தது. அதுதான் கோட்லா தாஹர். ஒருகாலத்தில் நிரந்தர ஏரி.

அங்கே அவர்கள் எடுத்தது மெலனாய்டஸ் டியூபர்குலாட்டா என்ற நத்தையின் ஓடுகளை. நீண்ட கூம்பு வடிவம், விரல்நுனி அளவு. நம்மூர்க் குளங்களிலும் சாதாரணமாகக் கிடைக்கும். தான் வாழும் நீரில் இருப்பதை வைத்தே அது ஓட்டைக் கட்டுகிறது. ஓட்டின் அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தில் உள்ள ஆக்சிஜன், ஏரிநீரின் ஆக்சிஜன்தான். வளர வளர ஓடும் நீள்வதால் ஒரு நத்தையில் பல மாத நீர் பதிவாகியிருக்கும்.

ஆக்சிஜனில் ஏறக்குறைய 500 அணுக்களுக்கு ஒன்று சற்றுக் கனமானது: ஆக்சிஜன்-18. மற்றது பெரும்பாலும் ஆக்சிஜன்-16. இப்படி எடையில் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களை ஐசோடோப்பு என்பார்கள். ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு பறக்கும்; கனமானது தங்கும். அடுப்பில் ரசம் வற்ற வற்ற உப்புக் கரிப்பது போல, வற்றும் ஏரியில் ஆக்சிஜன்-18இன் பங்கு ஏறிக்கொண்டே போகும். அது நத்தை ஓட்டிலும் ஏறும். போதாக்குறைக்கு, கனத்துப் பெய்யும் பருவமழையில் ஆக்சிஜன்-18 இயல்பாகவே குறைவு. மழை மெலிந்தால் வரும் நீரே கனமாக வரும். ஆக, மழை குறைந்தாலும் ஆவி கூடினாலும் ஓட்டில் மாற்றம் ஒரே திசையில்தான். இரண்டையும் இந்த ஒரு அளவால் பிரிக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் 'மழை இத்தனை மில்லிமீட்டர் குறைந்தது' என்று எழுதவில்லை. ஆவிக்கும் மழைக்கும் உள்ள விகிதம் உச்சத்துக்குப் போனது என்று எழுதினார்கள். சரியான சொல்லாட்சி.

6,500 ஆண்டுகளைத் தொடும் அந்தப் பதிவில் 4,100 ஆண்டுகளுக்கு முன்பான ஓடுகளில் ஆக்சிஜன் விகிதம் ஆயிரத்துக்கு 4 பங்கு தாவுகிறது. ஆயிரத்துக்கு நான்கு என்றால் சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைநிறமாலைமானி ஆயிரத்துக்கு 0.1 பங்கைக்கூடத் துல்லியமாக அளக்கும். அதற்கு இது பெரிய பாய்ச்சல்.

வெப்பநிலை மாறியிருந்தாலும் ஓட்டின் விகிதம் மாறுமே என்று ஒருவர் கேட்கலாம். மாறும். நீர் குளிர்ந்தால் ஓடு கனமாகும். ஆனால் ஒரு டிகிரிக்கு ஆயிரத்துக்கு 0.25 பங்கு அளவுக்குத்தான். நான்கு பங்கு ஏற ஏரி 16, 17 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஹரியாணாவில் பனியுகம் வந்திருந்தால்தான் அது நடக்கும். எனவே காரணம் நீர்க்கணக்குதான். இந்த மாதிரி ஒரு கேள்வியை எளிய கணக்கிலேயே மூடிவிட முடிவது ஐசோடோப்பு முறையின் பெரிய பலம்.

இனி தொல்லியல் பக்கம். 4,100 ஆண்டுகளுக்கு முன் என்றால் ஏறத்தாழ கி.மு. 2150. நகரங்கள் கலையத் தொடங்கிய காலத்துக்கான கார்பன் தேதிகளின் வீச்சுக்குள் இது விழுகிறது. ஆய்வாளர்கள் இங்கேயும் அளந்தே பேசினார்கள்: இரண்டு பக்கத் தேதிகளிலும் பிழை வீச்சு இருக்கிறது, காலநிலைக்குப் பங்கு இருந்திருக்கலாம். 'அழித்தது' என்ற சொல் செய்தித்தாள்களில் சேர்ந்தது.

கர்சாண்டி: ஜிப்சத்துக்குள் பூட்டிய நீர்

2018இல் தீக்ஷித்தும் குழுவும் வெளியிட்ட ஆய்வு எனக்கு நான்கிலும் சுவாரஸ்யமானது. கர்சாண்டியில் அவர்கள் நத்தையை நம்பவில்லை. ஜிப்சத்தைப் பார்த்தார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். படிகமாகும்போது ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. அந்த நீர், ஜிப்சம் உருவான அன்றைய ஏரியின் நீர். படிகத்தைச் சூடாக்கி அதை வெளியே எடுத்து, ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் அளக்கலாம். ஜிப்சம் சேர்த்துக்கொள்ளும் நீருக்கும் ஏரிநீருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நிலையானது, வெப்பநிலை அதைப் பெரிதாக அசைக்காது. ஐயாயிரம் ஆண்டு பழைய நீரை நேராகக் கையில் எடுப்பது போலத்தான் இது. ஒரே எச்சரிக்கை: ஜிப்சம் பின்னாளில் கரைந்து மறுபடி படிகமாகியிருந்தால் பூட்டிய நீரும் புதிய நீராகிவிடும். படிகங்களின் உருவத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முடிவு: ஏறத்தாழ 5,100 ஆண்டுகளுக்கு முன், ஆரம்ப ஹரப்பா காலத்தின் தொடக்கத்தில், ராஜஸ்தானின் வடக்கு ஓரம் ஓரளவு ஈரமாக இருந்தது. 5,000 முதல் 4,400 வரை பருவமழை இன்னும் வலுத்தது; பாலைவன ஓரத்திலும் ஹரியாணாச் சமவெளியிலும் நகரங்கள் எழுந்த காலம் அது. 4,400க்குப் பிறகு வறட்சி. 3,900 ஆண்டுகளுக்கு முன்பாக மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டார்கள்.

குர்தீப் சிங் 1971இல் சொன்னதன் அடிப்படை, வேறு தேதிகளோடும் வேறு ஆதாரத்தோடும், கிட்டத்தட்ட திரும்பி வந்துவிட்டது. அப்படியானால் என்செல் தவறா? இல்லை. லூன்கரன்சர் வறண்டிருந்தபோதே கர்சாண்டியில் ஈரம் இருந்திருக்க முடியும். தார் ஓரத்தில் மழை வடகிழக்கே போகப் போகக் கூடுகிறது. ஆரவல்லியின் மேற்கே சில நூறு கிலோமீட்டரில் ஆண்டு மழை பாதியாகிவிடும். மழைக்கோடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் ஓர் ஏரி வாழும், ஓர் ஏரி சாகும். நீர்ப்பிடிப்பு எவ்வளவு, நிலத்தடி நீர் எத்தனை ஆழத்தில், மணலா களியா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஏரிக்கும் அதன் வரம்பு வேறு. இதுதான் நான் சொன்ன பாதிச் சண்டை கரையும் இடம்.

கரையாத பாதி: கோட்லா தாஹரில் திருப்பம் 4,100இல், கர்சாண்டியில் 4,400க்குப் பிறகு எப்போதோ. மகாராஷ்டிராவின் லோனார் விண்கல் பள்ள ஏரியில், கேலுசைட் என்ற அபூர்வ உப்புக் கனிமம் படிந்ததை வைத்து, 4,600 முதல் 3,900 வரை நீண்ட வறட்சி என்கிறார்கள். இவை ஒரே நிகழ்வின் வேறு முகங்களா, அல்லது வெவ்வேறு வறட்சிகளா? நூறு, இருநூறு ஆண்டுப் பிழை வீச்சுள்ள தேதிகளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஓர் ஊர் காலியாக ஒரு தலைமுறை போதும். ஏரிப்படிவோ பல தலைமுறைகளை ஒரு சென்டிமீட்டரில் அடுக்கி வைத்திருக்கும்.

மழை ஏன் மாறியது

நீண்டகாலக் காரணம் வானத்தில் இருக்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள் ஆண்டின் வேறு வேறு மாதங்களில் விழும். ஒரு முழுச்சுற்றுக்கு 20,000 ஆண்டுகளுக்கு மேல். 11,000 ஆண்டுகளுக்கு முன் அது வடக்குக் கோடையில் விழுந்தது. இன்று ஜனவரியில் விழுகிறது. அன்று வடக்குக் கோடைக்குச் சூரிய வெப்பம் கூடுதல், அதனால் ஆசிய நிலப்பரப்பு அதிகம் சூடேறிக் கடல்காற்றை வலுவாக இழுத்தது. காலநிலை ஆய்வாளர் ஜான் குட்ஸ்பாக் 1981இல் இதைக் கணினி மாதிரியில் காட்டினார். ஹரியாணாவின் ரிவாசா என்ற இன்னொரு பழைய ஏரியில் 9,400 முதல் 8,300 ஆண்டுகளுக்கு முன் வரை நல்ல மழை இருந்ததும் இதனோடு பொருந்துகிறது. அதற்குப் பிறகு மெல்லச் சரிவுதான்.

ஆனால் சரிவு வழவழப்பாக இல்லை. அதே ரிவாசாவில் 8,200 ஆண்டுகளுக்கு முன் ஏரியே காய்ந்து சுண்ணாம்பு இறுகிப் பாறைபோல் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் வட அமெரிக்காவில் பனிப்படலத்தின் ஓரத்தில் தேங்கியிருந்த பிரம்மாண்ட ஏரி உடைந்து வட அட்லாண்டிக்கில் கொட்டியது. அந்தக் கடல் குளிர்ந்ததும் பருவமழையும் தளர்ந்தது. கனடாவில் ஓர் ஏரி வடிந்ததற்கு ஹரியாணாவில் ஓர் ஏரி காய்ந்தது என்பது படிக்கும்போது கதை மாதிரி இருக்கும், ஆனால் இந்தத் தொடர்பு உலகின் பல பதிவுகளில் தெரிகிறது. 4,200 ஆண்டு வறட்சிக்கு இப்படிப் பளிச்சென்ற காரணம் எதுவும் கையில் இல்லை. இருந்தும், 2018இல் புவியியல் காலக்கணக்கில் அதையே ஒரு எல்லைக்கோடாக வைத்து, இப்போது நாம் வாழும் காலப்பகுதிக்கு மேகாலயன் என்று பெயரிட்டார்கள். மேகாலயத்தின் மாவ்ம்லூ குகைச் சுண்ணாம்புக் கசிவு அதற்கான அடையாளப் படிவு.

இந்த ஏரிகள் பேசுவதெல்லாம் தென்மேற்குப் பருவமழையைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் கிடைக்கும் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி கோட்லா தாஹரிடம் கேட்டுப் பயனில்லை. தமிழ்நாட்டில் பல்லாயிரம் ஏரிகள் இருந்தும், அவற்றில் பெரும்பாலானவை மனிதன் வெட்டியவை, தலைமுறைக்குத் தலைமுறை தூர்வாரியவை. தூர்வாரும்போது பாசனத்துக்கு நல்லது நடக்கிறது, பதிவு அழிகிறது. நமக்குக் கிடைத்த நல்ல நீண்ட பதிவு நீலகிரியின் மலையுச்சிச் சதுப்புக் கரியில். ராமன் சுகுமாரும் குழுவும் 1993இல் 'நேச்சர்' இதழில் அதன் கார்பன் ஐசோடோப்பை வைத்து, புல்வெளியும் காடும் மாறி மாறி மேலோங்கிய 20,000 ஆண்டுக் கதையைச் சொன்னார்கள்.

ஹரப்பாவுக்குத் திரும்பினால்

வறட்சி வந்ததை ஏற்றுக்கொண்டாலும், அதனால் நகரங்கள் சாய்ந்தன என்பதற்கு இடையில் ஒரு சங்கிலி வேண்டும். ஆறு வற்றியதா? 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஹரப்பா ஊர்கள் பல இருந்த கக்கர்-ஹக்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து சட்லெஜ் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டது என்று காட்டியது. அதாவது அந்தக் கரையில் குடியேறியவர்கள் இமயமலைப் பெருநதியின் ஓரத்தில் வாழவில்லை. பழைய ஆற்றுத்தடத்தில், பருவமழை ஓடைகளை நம்பி வாழ்ந்தார்கள். மழை தளர்ந்தால் இவர்களுக்கு நேரடி அடிதான். சிந்து ஆற்றங்கரையில் இருந்த மொகஞ்சதாரோவுக்கு அப்படி இல்லை. ஒரே நாகரிகம், இரண்டு வகை நீர்.

பயிரும் ஒன்றல்ல. மேற்கில் கோதுமை, பார்லி போன்ற குளிர்காலப் பயிர்கள். கிழக்கே ஹரியாணாப் பக்கம் மழைக்காலச் சிறுதானியங்களும் சேர்ந்தன. குளிர்காலப் பயிருக்கு வேண்டியது மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளின் மழை. இது பருவமழையோடு சேர்ந்து குறைந்ததா, தனியாகக் குறைந்ததா? ஏரிகளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆண்டு முழுக்க வந்த நீரெல்லாம் ஒரே பள்ளத்தில்தான் கலக்கிறது. குகைக் கசிவுகளால் முடியும். உத்தராகண்டின் தரம்ஜாலி குகையிலிருந்து 2023இல் வந்த ஆய்வு, 4,200 முதல் 3,970 ஆண்டுகளுக்கு முன் வரையான காலத்தில் 25 முதல் 90 ஆண்டு வரை நீண்ட மூன்று வறட்சிகளைக் காட்டுகிறது, அதுவும் இரண்டு பருவத்திலும். யுரேனியம் சிதைந்து தோரியமாவதை வைத்து வயது கணிக்கும் யுரேனியம்-தோரியம் முறையில் தேதியிட்டதால், இதன் பிழை வீச்சு ஏரிகளைவிடக் குறுகியது. கோட்லா தாஹரின் ஒற்றைப் பாய்ச்சல் இப்போது இடைவெளி விட்டு வந்த மூன்று வறட்சிகளாகப் பிரிந்து நிற்கிறது.

மூன்று முறை அடி வாங்கிய மக்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தொல்லியல் காட்டுகிறது. பெரிய நகரங்கள் சுருங்கின, கிழக்கே மழை சற்று நிச்சயமான பக்கத்தில் சின்னச் சின்ன ஊர்கள் பெருகின, தண்ணீர் அதிகம் கேட்காத சிறுதானியங்கள் கூடின. எழுத்தும் முத்திரையும் எடைக்கற்களும் மறைந்தன, உழவு நிற்கவில்லை.